கையா, மெஷினா? ஓர் அடுக்கு விரிப்பும் எட்டாம் வகுப்புக் கணக்கும்

பழைய நூல் சேலையை நான்கு அடுக்காகப் போட்டு, அடுக்குகள் விலகாதபடி ஊடே வரிவரியாகத் தைத்துவிட்டால் குழந்தைகள் படுக்க ஒரு விரிப்பு கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் இதைக் குவில்ட் என்கிறார்கள். அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் வேலைக்குக் குவில்டிங் என்று பெயர். இந்தக் கட்டுரையில் அடுக்கு விரிப்பு, அடுக்குத் தையல் என்றே எழுதுகிறேன். அந்தத் தையலைக் கையால் போடுவதா, மெஷினில் போடுவதா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 32 பேரும் ஜூலை முதல் பிப்ரவரி வரை வேலை செய்தார்கள். நான் கணக்கு ஆசிரியை. தையல் தெரிந்தவர் எங்கள் பகுதிநேரத் தையல் ஆசிரியை. வகுப்பை இருவரும் சேர்ந்தே நடத்தினோம்.

விரிப்பு யாருக்கு என்பது முதலிலேயே முடிவாகியிருந்தது. பள்ளி வளாகத்தை ஒட்டிய அங்கன்வாடியில் மதியம் பிள்ளைகள் தூங்குவதற்கு. அது முடிவாகாமல் இந்தக் கேள்வியைத் தொடங்கியே இருக்க மாட்டேன். பார்வைக்கு வைக்கும் பொருள் என்றால் கையா மெஷினா என்பது வெறும் ரசனை விஷயம். தினமும் விரித்து, சிறுநீரும் சோறும் பட்டு, வாரம் ஒருமுறை சோப்புப் போட்டு அடித்துத் துவைக்கப்போகும் பொருள் என்றால் தையல் தாங்குமா என்ற கேள்வி உண்மையான கேள்வியாகிவிடுகிறது.

கணக்கு சேலையிலேயே தொடங்கியது. சேலையின் நீளம் 5.5 மீட்டர், அகலம் சுமார் 115 செ.மீ. விரிப்பின் அளவு 120 செ.மீ-க்கு 90 செ.மீ. ஒரு சேலையில் எத்தனை அடுக்கு வரும், மீதி எவ்வளவு என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். நான்கு அடுக்குக்கு 480 செ.மீ போக 70 செ.மீ மிச்சம். அகலத்தில் 25 செ.மீ பட்டை மிச்சம். சுற்றளவு 420 செ.மீ ஆகையால் ஓரம் கட்டும் துணியும் அந்தப் பட்டையிலிருந்தே கிடைத்துவிடுகிறது. ஒரு சேலைக்கு ஒரு விரிப்பு. மேலடுக்கில் வெட்டுத்துணிகளை ஒட்டி முக்கோணம், சாய்சதுரம் என்று வடிவங்கள் செய்யலாம். அது தனிப் பாடம், இங்கே அதற்குள் போகவில்லை.

நாட்டில் வேறு இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று இரண்டு எடுத்துக்காட்டுகள் சொன்னேன். வங்காளத்துக் காந்தா பழைய சேலை, வேட்டி அடுக்குகளை ஓட்டுத் தையலால் சேர்ப்பது. தைக்கும் நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்து உருவிக்கொள்வது அங்கே பழைய வழக்கம். நம் ‘கந்தை’யும் அவர்களின் ‘காந்தா’வும் உறவுச் சொற்கள் என்றதும், கந்தையைக் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழியை வகுப்பே சேர்ந்து சொல்லியது. இன்னொன்று, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களின் கவண்டி. ஓரத்திலிருந்து தொடங்கி, ஒட்டுத்துணிகளை வைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றித் தைத்து நடுவுக்குப் போவார்கள். ஒட்டுப் போடுவதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடும். இதைக் கால்மெஷினில் செய்தால் ஒவ்வொரு மூலையிலும் மொத்த விரிப்பையும் சுழற்ற வேண்டியிருக்கும். கருவி மாறினால் தைக்கும் முறையையும் மாற்ற வேண்டிவரும் என்பதைப் பிள்ளைகள் இங்கேயே பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு வாக்கெடுப்பு. பெரும்பாலோர் கைத்தையல் என்றார்கள். அழகாக இருக்கும், டீச்சருக்குப் பிடிக்கும் என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது. ஒரு மாணவி மட்டும் எழுந்து, “கையில தைக்கிறது பொழுது இருக்கிறவங்களுக்கு டீச்சர். எங்க அம்மா பனியன் கம்பெனியில பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறாங்க. கையில தைச்சா அடுப்பெரியாது” என்றாள். அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி வைத்தேன். அழகுக்கு எதிராக அவள் பேசவில்லை. கைவேலையைப் பற்றி நாம் வகுப்பில் பேசும்போது யாருடைய நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம் என்பதைத்தான் கேட்டாள்.

ஆகவே இரண்டு விரிப்பு செய்வது, ஒன்று கையில், ஒன்று மெஷினில் என்று முடிவானது. வரிகளுக்கு இடையே 3 செ.மீ. 90 செ.மீ அகலத்தில் 30 இடைவெளிகள், ஆகவே உள்ளே 29 வரிகள். பாதிப் பேர் 30 வரி என்றே முதலில் எழுதினார்கள். மரமும் வேலியும் வைத்து நாம் கேட்கும் கேள்விதான் இது. இங்கே கூடுதலாக ஒரு வரி போட்டால் அது ஓரத்தில் போய் விழுவது கண்ணுக்கே தெரிகிறது. 29 வரி, ஒவ்வொன்றும் 120 செ.மீ என்றால் 3,480 செ.மீ. கிட்டத்தட்ட 35 மீட்டர் தையல்.

நேரத்தை ஊகிக்க விடவில்லை, மாதிரித் துண்டில் அளந்தோம். கையில் பத்து நிமிடத்தில் யார் எவ்வளவு தைத்தார்கள் என்று பட்டியல் போட்டு இடைநிலை அளவு எடுத்ததில் 25 செ.மீ வந்தது. தையல் நீளமும் இடைவெளியும் சேர்ந்து 1 செ.மீ என்று வைத்துக்கொண்டோம். கைதேர்ந்தவர்கள் இதைவிட மிக நெருக்கமாகப் போடுவார்கள். மெஷினில் ஒரு வரிக்கு, துணியைச் சுருட்டி நேராக்கும் நேரமும் சேர்த்து, 3 நிமிடம். கணக்குப் போட்டால் கைக்கு 1,392 நிமிடம், மெஷினுக்கு 87 நிமிடம். சரியாகப் பதினாறு மடங்கு.

இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தரையில் விரித்த துணியைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் தைக்கலாம். அப்போது கடிகாரத்தில் ஓடுவது 232 நிமிடம்தான், ஆறு பாடவேளைக்குள் முடிந்துவிடும். மெஷினில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் தைக்க முடியும். பதினாறு மடங்கு வித்தியாசம் மூன்று மடங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உழைப்பு நேரம் வேறு, கடிகார நேரம் வேறு என்பதை நேரமும் வேலையும் பாடத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது இவ்வளவு எளிதாகப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஆசிரியராக என் கவலை வேறு. எங்களிடம் இருப்பது ஒரே கால்மெஷின். அதில் ஒருத்தி மிதிக்க, ஒருத்தி துணியைத் தாங்க, மீதி முப்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மிதிக்கப்போவதும் ஏற்கெனவே வீட்டில் மெஷின் இருக்கும் பிள்ளைதான். மெஷின் விரிப்பு வேகமாக முடியும். அதனாலேயே அதில் கற்பவர்கள் குறைவு. கைத்தையலில் பையன்கள் பதினான்கு பேரும் ஊசி கோத்தார்கள். இடக்கைப் பழக்கமுள்ள ஒரு மாணவனை வரிசையின் எதிர்முனையில் உட்கார வைத்தோம். அவன் வலக்கைக்காரனை எதிர்கொண்டு ஒரே வரியின் நடுவில் சந்திப்பான். பள்ளியில் விரிப்பு செய்ய நினைப்பவர்களுக்கு என் முதல் யோசனை: எத்தனை பேர் தைக்கப் போகிறார்கள் என்பதைப் பொருளின் அழகுக்கு முன்னால் வையுங்கள். மெஷினில் தைத்தே ஆகவேண்டும் என்றால் ஆளுக்கு ஒரு வரி என்று எழுதி ஒட்டிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். முதல் முறை மிதிக்கும் பிள்ளையின் கோணல் வரி அப்படியே இருக்கட்டும் என்று தையல் ஆசிரியை சொல்லிவிட்டார்.

மெஷின் தையலில் ஒரு சிக்கல் உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அடியில் இருக்கும் பல் கீழடுக்கைப் பின்னுக்கு இழுக்கும்; மேலே அழுத்தும் பாதம் மேலடுக்கைப் பிடித்துக்கொள்ளும். நான்கு அடுக்கு இருந்தால் மேல்துணி சிறிது சிறிதாக முன்னால் ஒதுங்கி, வரி முடியும்போது கொப்பளம் போல நிற்கும். அதற்காகத்தான் முதலில் நீளமான தற்காலிகத் தையலால் அடுக்குகளைக் கட்டிக்கொள்வது. நடு வரியிலிருந்து தொடங்குவது, எல்லா வரியையும் ஒரே திசையில் தைப்பது என்று மேலும் இரண்டு வழி தையல் ஆசிரியை காட்டினார். போய்த் திரும்பி வருவது போல ஒரு வரி இப்படி, ஒரு வரி அப்படி என்று தைத்தால் துணி முறுக்கிக்கொள்ளும். நடுவில் தொடங்கினால் மெஷினின் கைக்கு உள்பக்கம் 45 செ.மீ துணியைச் சுருட்டினால் போதும். கைத்தையலுக்கும் தற்காலிகத் தையல் வேண்டும்தான், ஆனால் அங்கே ஒதுங்கும் துணியை விரலே உணர்ந்து சரிசெய்துவிடுகிறது.

தையல்களைப் பிரித்துப் பார்த்தது தனி அனுபவம். 10 செ.மீ கைத்தையலைப் பிரித்தால் ஒரே நூல், நீட்டினால் 11 செ.மீ. அதே 10 செ.மீ மெஷின் தையலில் மேல்நூல் ஒன்று, பாபின் நூல் ஒன்று, இரண்டும் சேர்ந்து 26 செ.மீ. கைநூல் ஒரு பக்கம் மூழ்கி மறுபக்கம் எழுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு விட்டுவிட்டுத் தெரிவது அதனால். மெஷினில் இரண்டு நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்கின்றன, ஆகவே இரு பக்கமும் இடைவிடாத கோடு. மொத்த விரிப்புக்கு எவ்வளவு நூல் வேண்டும் என்பது வீட்டுக்கணக்கு: கைக்கு சுமார் 38 மீட்டர், மெஷினுக்கு 90 மீட்டர். கை ஊசியின் துளை வால்பக்கம் இருக்க, மெஷின் ஊசியின் துளை நுனியில் இருப்பது ஏன் என்று ஒரு மாணவன் கேட்டான். முழு ஊசியும் துணியைக் கடந்து போகாமல், நுனி மட்டும் இறங்கி நூலை மறுநூலிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டுமே! நுனியில் துளையுள்ள ஊசியும் அடியில் ஓடும் நாடாவும் கொண்ட மெஷினுக்கு அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்றார்.

இந்த அமைப்பை வைத்தே எது உறுதி என்று பிள்ளைகள் வாதிட்டார்கள். கைத்தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் இழுக்க இழுக்க உருவிக்கொண்டு வரும். மெஷின் தையலில் ஒவ்வொரு தையலும் கொக்கி போட்டு நிற்பதால் அறுந்த இடத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே மெஷின்தான் உறுதி என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். கைத்தையலில் பத்துப் பன்னிரண்டு தையலுக்கு ஒருமுறை ஒரு பின் தையல் போட்டுக்கொண்டால் உருவுவது குறையும் என்று தையல் ஆசிரியை சேர்த்துச் சொன்னார்.

ஆகஸ்டில் இரண்டு விரிப்பும் அங்கன்வாடிக்குப் போயின. வாரம் ஒருமுறை துவைத்த பின் நான்கு பேர் போய்ப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து பார்த்தபோது மெஷின் விரிப்பில் ஒரு தையலும் அறுந்திருக்கவில்லை. ஆனால் மூன்று இடத்தில் தையல் வரியை ஒட்டியே மேல்துணி கிழிந்திருந்தது, தபால்தலையைத் துளை வழியே கிழிப்பது போல. கை விரிப்பில் துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. நூல் ஏழு இடத்தில் அறுந்திருந்தது. ஒரு மதிய இடைவேளையில் ஏழையும் தைத்து முடித்துவிட்டார்கள். கிழிந்த மேல்துணியைத் தைக்க முடியவில்லை, ஒட்டுதான் போடவேண்டியிருந்தது.

“துணியைவிட நூல் பலமா இருக்கக் கூடாது டீச்சர். அறுந்தா நூல் அறணும், துணி கிழியக் கூடாது” என்றார் தையல் ஆசிரியை. பழைய சேலை பல வருடம் துவைத்து நைந்த பருத்தி. கடையில் இப்போது சாதாரணமாகக் கிடைப்பது பாலியஸ்டர் நூல். மெஷினில் அதைத்தான் கோத்திருந்தோம். கைக்கு வெள்ளைப் பருத்தி நூல். இந்த இடத்தில் நான் ஒரு கேள்விக்காகக் காத்திருந்தேன். இரண்டு வாரம் யாரும் கேட்கவில்லை. ‘கைத்தையல் வென்றது’ என்று சுவரொட்டி எழுதத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் கேட்டது அந்தப் பனியன் கம்பெனிப் பிள்ளைதான். “டீச்சர், கிழிச்சது மெஷினா, நூலா?”

இரண்டு காரணிகளை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று சொல்ல முடியாது. அறிவியல் பாடத்தில் இதை வரையறையாக எழுத வைப்போம். இங்கே அது ஒரு பிள்ளையின் நியாயக் கேள்வியாக வந்தது. சேலையில் மிஞ்சிய 70 செ.மீ துணியை அதற்காகத்தான் எடுத்து வைத்திருந்தேன். அதில் நான்கு வகைத் துண்டுகள் தைத்தோம்: கையில் பருத்தி நூல், கையில் பாலியஸ்டர், மெஷினில் பருத்தி, மெஷினில் பாலியஸ்டர். ஆய்வகத்தின் சுருள்வில் தராசில் மாட்டி மெதுவாக இழுத்துப் பார்த்தார்கள். பருத்தி நூல் துண்டுகளில், கையானாலும் மெஷினானாலும், முதலில் போனது நூல். பாலியஸ்டர் துண்டுகளில் இரண்டிலுமே துணி. மெஷின் துண்டு கொஞ்சம் முன்னதாகவே கிழிந்தது. துளைகள் நெருக்கமாக இருப்பதும், மழுங்கிய ஊசி இழைகளை விலக்காமல் வெட்டிவிடுவதும் காரணமாக இருக்கலாம் என்று தையல் ஆசிரியை சொன்னார். துண்டுகள் சில, இழுத்தவர்கள் சிறுவர்கள். இதை ஆய்வு முடிவென்று நான் காட்ட மாட்டேன். ஆனால் சுவரொட்டி மாறிவிட்டது. ஓரத் தையலில் வந்த பலனும் அதை மாற்ற உதவியது. கையால் மடித்துத் தைத்த ஓரத்தைக் குழந்தைகள் பிடித்து இழுத்து இழுத்துப் பிரித்துவிட்டார்கள். மெஷினில் இரட்டைத் தையல் போட்ட ஓரம் அசையவே இல்லை.

கரும்பலகை வாக்கியத்துக்குப் பிப்ரவரியில் திரும்பினோம். ஒரு நிமிட உழைப்புக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உள்வரிகளுக்கு மட்டும் கைவிரிப்பின் கூலி ரூ.1,392, மெஷின் விரிப்புக்கு ரூ.87. கைவிரிப்பை யார் வாங்குவார்கள்? அம்மாவே செய்தால் கூலி எங்கே போனது? எட்டாம் வகுப்பு மாணவிகள் இந்த இரண்டாவது கேள்விக்குச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஆற்று வளைவு ஊரைப் பற்றி அப்போது சொன்னேன். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே தேய்ந்த வேலை உடுப்புகளைக் கிழித்துக் குளிருக்கு விரிப்பு தைத்து வந்தார்கள். 1966-இல், குடியுரிமைப் போராட்டக் காலத்தில், அந்தப் பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவை அமைத்து விற்கத் தொடங்கினார்கள். பெரிய கடைகள் ஒரே அளவு, ஒரே வடிவம் கேட்டன. 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. கூலி வந்தது, ஆனால் அது சீருடை தைப்பது போன்ற வேலை. மிஞ்சிய கார்டுராய் வெட்டுத்துணிகள் வீட்டுக்கு வந்தன. அவற்றில் தங்கள் விருப்பம்போல் விரிப்பு செய்துகொண்டார்கள். 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் ஜீஸ் பெண்ட் விரிப்புகள் கலைப்படைப்புகளாக மாட்டப்பட்டன. கூலிக்குச் செய்தது எது, வீட்டுக்குச் செய்தது எது, அருங்காட்சியகம் எதை மாட்டியது என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதச் சொன்னேன். தமிழாசிரியர் அவற்றைக் கட்டுரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஆறாம் வகுப்புக்குக் கீழே என்றால் முழு விரிப்பு வேண்டாம், 30 செ.மீ சதுரத்தில் ஒரு பானைப்பிடி போதும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாக்குத்துணியும் மொட்டை ஊசியும் கம்பளி நூலும். ஊசிகளை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்க வேண்டும். குழந்தைகள் படுக்கும் பொருளில் ஓர் ஊசி மாட்டிக்கொண்டால் மற்ற எல்லாம் வீண். எங்கள் வகுப்பில் ஊசிக் கணக்கு ஒரு மாணவரின் பொறுப்பு, எண்ணிக்கை சரியாகும் வரை மணி அடித்தாலும் யாரும் எழக்கூடாது. முடிந்ததும் விரிப்பின் மேல் ஒரு காந்தத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நூலை மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்கல் குறையும். மெழுகுவத்தித் துண்டு போதும். சேலையை முதலில் துவைத்துக் காயவைத்து, வெளிச்சத்தில் பிடித்து நைந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விரிப்பு இப்போது தயாராகிறது. ஓரம் மெஷினில், உள்வரிகள் கையில், இரண்டுக்கும் பருத்தி நூல் என்று வகுப்பு தீர்மானித்திருக்கிறது. பனியன் கம்பெனிப் பிள்ளை மட்டும் நடுவில் ஐந்து வரியை மெஷினில் போட்டுப் பார்க்கிறேன் என்று அனுமதி கேட்டாள். புது ஊசி, 14-ஆம் எண், மாற்றிக்கொண்டு தைக்கச் சொல்லியிருக்கிறார் தையல் ஆசிரியை. எந்த ஐந்து வரி என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.